அட்டவணைப்படி அருணா இன்னும் வரவில்லை

விழுப்புரம் பக்கத்தில் ஓடத் தெரிந்தவர்கள் ஓடிக்கொண்டும், தெரியாதவர்கள் ஓரமாக நின்று கைதட்டிக்கொண்டும் இருந்த வரைக்கும் யாருக்கும் ஒரு வம்பும் இல்லை. அப்புறம் மையம் வந்தது. முழுப்பெயர், வடமாவட்ட நெடுந்தூர ஓட்ட ஆற்றல் ஆய்வு மற்றும் மேம்பாட்டு மையம். பெயர்ப்பலகையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் படித்து முடிப்பதற்குள் நல்ல ஓட்டக்காரர் ஒருவர் நூறு மீட்டரைத் தாண்டிவிடுவார். ஊர் ஜனங்கள் வாய் வலிக்காமல் மையம் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

மையத்தில் ஓடுதளம் கிடையாது. ஓடுதளத்துக்கென்று விட்டிருந்த இடத்தில் கொட்டகை போட்டு இயக்குநரின் காரை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் ஏசி அறை ஒன்று உண்டு. அதற்குள் வெளிநாட்டு இயந்திரம் ஒன்று. ஓடுபட்டையின் மேல் ஏறி, மூக்கையும் வாயையும் மூடுகிற முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடினால், உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிஷத்துக்கு எத்தனை மில்லி ஆக்ஸிஜன் செலவாகிறது என்று அது சொல்லும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், நாக்குத் தள்ளி, இனி முடியாது என்று ஆள் விழப்போகிற கட்டத்தில் திரையில் வருகிற எண்தான் அந்த ஆளின் ஆற்றல். இயந்திரத்துக்கு ஏசி போட்டார்கள். ஓட வருகிற பிள்ளைகளுக்கு வெளியே வேப்பமரம் இருக்கிறதே, போதாதா என்று விட்டுவிட்டார்கள்.

இயக்குநர் முனைவர் சின்னதுரை ஓடி யாரும் பார்த்ததில்லை. வேகமாக நடந்தும் பார்த்ததில்லை. திறப்பு விழாவன்று பட்டு வேட்டியோடு இயந்திரத்தில் ஏறி, போட்டோவுக்காக மூன்று அடி எடுத்து வைத்தார். முகமூடியின் வார் அவிழ்ந்து காதோரம் தொங்கியது. பக்கத்தில் குத்துவிளக்கு புகைந்துகொண்டிருந்தது. இயந்திரத்தை அதுவரை சரிபார்க்கவும் இல்லை. திரையில் எழுபத்து நான்கு என்று வந்தது. உலகப் போட்டிகளில் ஓடுகிறவர்களுக்கு வருகிற எண் அது. அந்த எண் அச்சான தாளுக்குச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்கு மேலே மாட்டிக்கொண்டார் மனுஷன்.

"சார், அன்னிக்கு மிஷினு செட் பண்ணவே இல்ல சார்" என்று இயந்திரத்தை இயக்கும் ஒப்பந்தப் பணியாளர் நிதிஷ் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான்.

"தம்பி, மனுஷன் பொய் சொல்லுவான். மிஷினு சொல்லாது" என்றார் இயக்குநர்.

நிதிஷின் ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இயக்குநர்தான் புதுப்பிக்க வேண்டும். அதனால் அவனும் அதோடு நிறுத்திக்கொண்டான்.

இப்பேர்ப்பட்ட இடத்தில்தான் அருணா வந்து மாட்டினாள். கூட்டேரிப்பட்டுப் பக்கம் உள்ளடங்கிய கிராமத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடுகிற குடும்பம். வயது இருபத்து நாலு. பத்தாயிரம் மீட்டர், அதாவது மைதானத்தை இருபத்தைந்து சுற்று, முப்பத்தேழு நிமிஷத்தில் ஓடி முடிப்பாள். மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அந்த வேலைக்கு வயது வரம்பு இருபத்தைந்து. அவளுக்கு இந்த வருஷம்தான் கடைசி. இதை விட்டால் காலமெல்லாம் மல்லாட்டை மில்லில் தோல் புடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மாநிலப் போட்டிக்குப் போக, திண்டிவனத்தில் இருக்கும் தேர்வுக்குழு பெயர் கொடுக்க வேண்டும். தேர்வுக்குழு பெயர் கொடுக்க, விழுப்புரம் மையத்தின் ஆற்றல் சான்றிதழ் வேண்டும். சான்றிதழில் எண் அறுபதுக்கு மேல் இருக்க வேண்டும். தேர்வுக்குழுவின் தலைவர் யார் என்றால், அவரும் முனைவர் சின்னதுரைதான். ஆள் ஒருத்தர், நாற்காலி இரண்டு.

அருணா முகமூடி மாட்டி ஓடினாள். முதலில் மணிக்குப் பதினாலு கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக ஓடவிட்டார்கள். அந்த வேகத்தில் மற்றப் பிள்ளைகள் நாற்பத்தெட்டு, ஐம்பது மில்லி என்று இழுத்துக்கொண்டிருக்க, இவளுக்கு நாற்பதுதான் செலவானது. பிறகு வேகத்தைக் கூட்டிக்கூட்டி உச்சத்துக்குக் கொண்டுபோனபோது ஐம்பத்தொன்று புள்ளி எட்டில் நின்றுவிட்டது. தேர்வுக்கு எட்டு மில்லி துண்டு விழுந்தது.

அன்றைக்கே அவளோடு பரிசோதனைக்கு வந்த சுஷ்மாவுக்கு அறுபத்திரண்டு. சுஷ்மா மேல்சித்தாமூர் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் மாலைப் பயிற்சியில் பாதியில் கிளம்பிவிடுவாள். மையத்தின் உணவுப் பட்டியல்படி அவளுக்குத் தினம் ஆறு முட்டை. முட்டையைத் தொட மாட்டேன் என்றவளிடம், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். முட்டை எங்கே போனது என்று அவளும் கேட்கவில்லை. இயக்குநர் வீட்டு நாய்க்கு மட்டும் முடி நன்றாகப் பளபளத்தது. நல்ல பெண்தான் சுஷ்மா. மூச்சு அவளுக்கு அதிகம், ஆனால் எந்தப் பந்தயத்திலும் அருணாவுக்கு இரண்டு நிமிஷம் பின்னால்தான் வருவாள். அதை அவளே எல்லோரிடமும் சொல்லுவாள்.

"அது எப்பிடிண்ணா?" என்று அருணா நிதிஷிடம் கேட்டாள்.

"வண்டி மாதிரிதாம்மா. சுஷ்மாவுக்கு டேங்க் பெருசு. உனுக்கு டேங்க் சின்னது, ஆனா மைலேஜ் ஜாஸ்தி. அது அம்பது மில்லில ஓடுற ஓட்டத்த நீ நாப்பதுல ஓடிக்கினு போற. திண்டிவனத்துக்கு யாரு மொதல்ல போவாங்கன்னு கேட்டா, டேங்க மட்டும் தொறந்து பாத்தா தெரியுமா? இத சாருகிட்ட சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."

அருணா இயக்குநரிடம் போனாள். அவர் தாளை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"பதினாலு ஸ்பீடுல அந்தப் பொண்ணு அம்பது எடுக்குது. நீ நாப்பதுதான் எடுத்திருக்க. மீதி பத்து எங்கம்மா?"

"அது தேவப்படல சார்."

"தேவப்படலன்னு யாரு முடிவு பண்ணது? நீயா?" நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "காத்துல இருபத்தியோரு பர்சன்ட் ஆக்ஸிஜன். உனக்குன்னு ஒதுக்கி வெச்சது. ஒதுக்குனத செலவு பண்ணாம அப்பிடியே திருப்பி உடறது எவ்ளோ பெரிய குத்தம் தெரியுமா? முப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு ரூவா திருப்பி அனுப்பனது இல்ல. மார்ச் முப்பத்தொண்ணு சாயந்திரம் அஞ்சு மணிக்கு நானூறு பூந்தொட்டி வாங்கனவன் நான். செடி இல்லியேன்னு கேட்டாங்க. செடி அடுத்த பட்ஜெட்டுன்னேன். செலவு பண்ணத் தெரியாதவங்களுக்கு முன்னேற்றமே கிடையாதும்மா."

அவளுக்குப் பேஜாராகிவிட்டது. குறைவாக மூச்சு வாங்கி ஓடுவது குற்றம் என்று அதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை. இருந்தாலும் படித்தவர், முனைவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினாள். அங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள்.

எட்டு வாரம் 'செலவின உயர்வுப் பயிற்சி' என்று ஒன்று போட்டார்கள். ஓடும்போது கையைப் பக்கவாட்டில் வீச வேண்டும். முட்டி மார்பைத் தொட வேண்டும். குதிகாலால் தரையை ஓங்கி அடிக்க வேண்டும். நடுநடுவே துள்ள வேண்டும். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினால் கூடுதலாக ஒரு மில்லி செலவாகும் என்று இயக்குநரே கண்டுபிடித்து, அதை ஒரு கருத்தரங்கில் வாசித்துச் சால்வையும் வாங்கிக்கொண்டார்.

எட்டு வாரம் கழித்து மறுபடி பரிசோதித்தார்கள். அதே பதினாலு வேகத்தில் நாற்பது மில்லி செலவழித்தவள் இப்போது நாற்பத்தைந்து செலவழித்தாள். மையத்தில் லட்டு கொடுத்தார்கள். 'மாணவியின் ஆக்ஸிஜன் பயன்பாடு பன்னிரண்டரை சதவீதம் உயர்வு' என்று வாசலில் பதாகை கட்டினார்கள். உச்ச ஆற்றல் மட்டும் அதே ஐம்பத்தொன்று புள்ளி எட்டில் அசையாமல் நின்றது. பத்தாயிரம் மீட்டருக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் முப்பத்தேழிலிருந்து நாற்பத்திரண்டு நிமிஷமானது. அதைப் பதாகையில் போட இடம் இல்லை.

வீட்டுக்குப் போய் வரப்பு ஓரமாக அதே மாதிரி ஓடிக் காட்டினாள். களை எடுத்துக்கொண்டிருந்த அவள் அம்மா வீரம்மாள் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"ஏன்டி, இன்னாத்துக்குத் தவள மாதிரி துள்ளிக்கினு வர? கால்ல முள்ளு கிள்ளு ஏறிச்சா?"

"இப்பிடி ஓடுனாதான் ஆக்ஸிஜன் ஜாஸ்தி செலவாவுமாம்மா. சார் சொன்னாரு."

"ஜாஸ்தி செலவானா நல்லதா? எந்த ஊரு நாயம்டி இது? கேப்பையில நெய் ஒழுவுதுன்னு ஒருத்தன் சொன்னா, கேக்கறவளுக்குப் புத்தி எங்கடி போச்சு?" என்று சொல்லிவிட்டு வீரம்மாள் மறுபடி குனிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து அருணா பழையபடி ஓட ஆரம்பித்தாள். கை ஒட்டி, கால் தாழ்ந்து, சத்தமில்லாமல். உடம்பு மறந்திருக்கவில்லை. மூன்றே வாரத்தில் முப்பத்தேழு நிமிஷம் திரும்பி வந்தது.

அந்தத் தைரியத்தில்தான் மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கிற மாவட்டத் தகுதி ஓட்டத்துக்குப் போனாள். ஏழு பெண்கள் ஓடினார்கள். அருணா முதலில் வந்தாள். சுஷ்மா இரண்டு நிமிஷம் கழித்து இரண்டாவதாக வந்து, அவள் தோளிலேயே சாய்ந்து மூச்சு வாங்கினாள். மறுநாள் அறிவிப்புப் பலகையில் முடிவு ஒட்டினார்கள். சுஷ்மா முதலிடம். அருணா ஐம்பத்தேழு நிமிஷம், ஏழாவது இடம்.

இரண்டு பேருமாக இயக்குநர் அறைக்குப் போனார்கள்.

"சார், அவதான் சார் மொதல்ல வந்தா. என்னத் தாண்டிப் போனத நானே பாத்தேன்" என்றாள் சுஷ்மா.

"நீ பாத்தது வெறும் காட்சிம்மா" என்றார் இயக்குநர். மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு பெரிய அட்டவணையை உருவினார். இடது பக்கம் ஆற்றல் எண், மேலே தூரம், கட்டத்துக்குள் நேரம். "இது மையத்தோட சொந்தத் தயாரிப்பு. இந்த ஆற்றலுக்கு இந்தத் தூரத்த இவ்ளோ நேரத்துலதான் ஓட முடியும். அம்பத்தொண்ணு புள்ளி எட்டுக்குப் பத்து கிலோமீட்டர் அம்பத்தேழு நிமிஷம். கடிகாரம் மனுஷன் அமுக்கறது, முன்னபின்ன ஆவும். அட்டவண ஆவாது. அடுத்த வருஷத்துலேர்ந்து பந்தயமே வேணாம்னு எழுதியிருக்கேன். புள்ளைங்க வெயில்ல ஓடி இன்னாத்துக்குக் கஷ்டப்படணும்? வூட்லயே இருக்கட்டும், மெடல போஸ்ட்ல அனுப்பிடலாம்."

"அப்ப நான் ஓடுனது சார்?" என்றாள் அருணா.

"ஓடுனது உன் சொந்த விருப்பம்மா."

அழுகையாக வந்தது அவளுக்கு. வெளியே வந்ததும் நிதிஷ்தான் விதிப்புத்தகத்தைப் புரட்டி ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னான். அறுபதுக்குக் கீழே எண் உள்ளவர்கள் ஆட்சேப மனு கொடுக்கலாம். கொடுத்தால் முதல் மூன்று இடத்தில் வந்ததற்கு மைதான நடுவர் அன்றே எழுதிக் கொடுத்த சீட்டைக் குழு ஏற்றே ஆக வேண்டும். ஆனால் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள், அசல் சான்றிதழோடு, திண்டிவனம் தேர்வுக்குழு அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். ஐந்து அடித்த பிறகு ஆண்டவனே கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

அசல் சான்றிதழில் இயக்குநர் கையெழுத்து வேண்டும். கடைசி நாளன்று காலை ஒன்பது மணிக்கே அருணா மையத்து வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தாள். இயக்குநர் பதினொன்றுக்கு வந்தார். பன்னிரண்டுக்குச் சாப்பிடப் போனார். இரண்டரை மணிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "நானும் திண்டிவனத்துக்குத்தான் போறேன், கமிட்டி மீட்டிங்கு. கார்ல எடம் இருக்கு, ஆனா விதிப்படி போட்டியாளர ஏத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக் கிளம்பினார்.

அருணா பஸ் பிடித்தாள். முண்டியம்பாக்கம் தாண்டி, விக்கிரவாண்டி தாண்டி, கூட்டேரிப்பட்டு வந்ததும் பஸ் நின்றது. முன்னால் கரும்பு லாரி ஒன்று சாய்ந்து, ரோடு முழுக்கக் கரும்பாகக் கிடந்தது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு ஒரு கரும்போடு திரும்பி வந்தார்.

"ஆறு மணி ஆவும்மா. ஜல்தியா போவணும்னா நடந்துதான் போவணும்."

மணி மூன்று ஐம்பத்திரண்டு. திண்டிவனம் அலுவலகத்துக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டர். அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். சான்றிதழையும் மனுவையும் நடுவர் சீட்டையும் பிளாஸ்டிக் உறையோடு சுருட்டி ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். இறங்கி ஓட ஆரம்பித்தாள்.

நின்ற லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே ஓடினாள். "இன்னா பாப்பா, யாருனா தொரத்தறாங்களா?" என்று டீக்கடையிலிருந்து ஒருத்தர் கேட்டார். பதில் சொல்ல மூச்சு இருந்தது, நேரம்தான் இல்லை. கொஞ்ச தூரத்தில் இயக்குநரின் கார் மாட்டிக்கொண்டு நின்றது. வழியில் எங்கேயோ நிறுத்திக் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறார் போல. கண்ணாடியை இறக்கிவிட்டு டிரைவரிடம் அவர் சொல்வது அவள் காதில் விழுந்தது.

"யாருப்பா அது? மூச்சு வாங்காம ஓடிக்கினு போவுது. ஒழுங்கா டிரெய்னிங் எடுத்த புள்ள மாதிரி தெரியலியே."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நெரிசல் முடிந்து ரோடு காலியானது. வெயில் பின்னங்கழுத்தில் அடித்தது. கால் தானாக விழுந்து தானாக எழுந்தது. எட்டு வாரம் துள்ளவிட்டார்களே பாவிகள், அந்தத் துள்ளல் ஒன்றுகூட மிச்சமில்லை. வேலை, வயது, அம்மா, மில் எல்லாம் மனதில் வந்து வந்து போயின. கடைசி இரண்டு கிலோமீட்டரில் விலா குத்தியது. அப்போதும் விடவில்லை அவள்.

திண்டிவனம் அலுவலகத்தின் சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு நாற்பது. உள்ளே கண்காணிப்பாளர் சவுரியம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தார். குழுவின் மற்ற இரண்டு உறுப்பினர்களும் நான்கு மணிக்கே கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பியாகிவிட்டது. சவுரியம்மாள் நல்ல பெண்மணி. வேர்த்து விறுவிறுத்து வந்தவளுக்குத் தன் பாட்டிலிலிருந்தே தண்ணீர் கொடுத்தார். அப்புறம் பதிவேட்டைத் திறந்தார்.

"எதுல வந்தம்மா? 'வந்த விதம்'னு ஒரு கட்டம் இருக்குது. பஸ்ஸுன்னா டிக்கெட்டு, வண்டின்னா நம்பரு."

"கூட்டேரிப்பட்டு வரிக்கும் பஸ்ஸு மேடம். அங்க ரோடு ஜாமு. அங்கேர்ந்து ஓடியாந்தேன்."

"எத்தினி மணிக்குக் கெளம்புன?"

"மூணு அம்பத்திரண்டு."

சவுரியம்மாள் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஓர் அட்டவணையை உருவினார். இயக்குநர் அறையில் பார்த்த அதே அட்டவணை. மையம் எல்லா அலுவலகத்துக்கும் அதன் நகலை அனுப்பியிருந்தது.

"அம்பத்தொண்ணு புள்ளி எட்டு... பன்னெண்டர கிலோமீட்டரு... ஒரு மணி பன்னெண்டு நிமிஷம்." விரல்விட்டுக் கூட்டினார். "அப்படின்னா நீ அஞ்சு நாலுக்குத்தாம்மா வருவ."

"நான் வந்துட்டனே மேடம்!"

"வந்துட்ட, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அட்டவணப்படி நீ இன்னும் வரல. இப்ப பாதி வழி தாண்டி எங்கியோ வந்துக்கினு இருக்க. ஒக்காரு, தண்ணி குடி. வந்ததும் எழுதிக்கிறேன்."

அருணா கெஞ்சினாள். கடிகாரத்தைக் காட்டினாள். காலைக் காட்டினாள், செருப்புக் கடித்தாற்போல் ஷூ கடித்திருந்தது. சவுரியம்மாள் கண் கலங்கினார். "எம் பொண்ணு வயசு உனக்கு. ஆனா நான் ரூல மீற முடியாதும்மா, வர்ற மாசம் ரிட்டயர்மெண்டு" என்றார். ஐந்து அடித்தது. ஐந்து நான்குக்கு அவர் பேனாவைத் திறந்து, 'வந்த நேரம் 5.04, காலம் கடந்தது' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். "வாம்மா, வா" என்றும் சொன்னார், அப்போதுதான் அவள் உள்ளே நுழைந்ததுபோல.

அருணா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜாம் தீராததால் ஊருக்குப் போக பஸ்ஸும் இல்லை.

ஆறரை மணிக்கு இயக்குநர் வந்தார். வரும்போதே, "என்னம்மா, மீட்டிங் ஆரம்பிக்கலாமா?" என்றார்.

சவுரியம்மாள் கையைப் பிசைந்தார். "சார், தலைவரு அஞ்சு மணிக்குள்ள வந்தாதான் மீட்டிங்கு செல்லும். இல்லேன்னா லிஸ்டே ரத்து. மாவட்டத்துலேர்ந்து ஒருத்தரும் போவ முடியாது. மேல எடத்துல கேட்டாங்கன்னா..."

இயக்குநரின் முகம் வெளிறியது. முப்பது வருஷ சர்வீஸில் அவர் பட்டியல் ரத்தானதே இல்லை. ஒரு நிமிஷம் தாடையைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது.

"நான் கூட்டேரிப்பட்டுல நிக்கிறேன்னு உங்களுக்கு போன் பண்ணேனே, எப்ப?"

"நாலு அஞ்சுக்கு சார்."

"என்னோட ஆற்றல் எழுபத்து நாலு. அட்டவணையப் பாருங்க."

சவுரியம்மாள் விரலை ஓட்டினார். "பன்னெண்டர கிலோமீட்டரு... நாப்பது நிமிஷம் சார். நாலு நாப்பத்தஞ்சுக்கு வந்துடுவீங்க."

"வந்துட்டேன்ல? எழுதுங்க."

"வந்த விதம் சார்?"

"ஓட்டம்" என்றார் முனைவர் சின்னதுரை, வண்டி ஏசியில் கலையாத தலையைத் தடவிக்கொண்டே. "மனசால நான் ஓடிக்கினுதான் இருந்தேன்."

எழுதினார்கள். எழுதி முடித்ததும் சவுரியம்மாள் கடைசிக் கட்டத்தைக் காட்டினார். வாகனம் இல்லாமல் வந்தவர்களுக்குச் சாட்சி வேண்டும். அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருந்த பொதுநபர் ஒருவரின் கையெழுத்து. பதிவேடு எழுதுகிறவரே சாட்சிபோட முடியாது. நான்கு நாற்பத்தைந்துக்கு அங்கே வேறு யார் இருந்தார்கள்?

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்கள்.

"அருணா, இங்க வாம்மா. ஒரு சின்ன கையெழுத்து" என்றார் இயக்குநர், தேன் ஒழுக.

அருணா எழுந்து வந்து பதிவேட்டைப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள்.

"நான் எப்பிடி சார் போடறது? நாலு நாப்பத்தஞ்சுக்கு நான்தான் வரவே இல்லியே. பாதி வழி தாண்டி வந்துக்கினு இருந்தேன். அஞ்சு நாலுக்குத்தான் வந்தேன்னு மேடம் எழுதியிருக்காங்க."

இயக்குநர் அட்டவணையைப் பார்த்தார். அருணாவைப் பார்த்தார். இவள் நான்கு நாற்பதுக்கு வந்தாள் என்று எழுதினால் அட்டவணை பொய். எழுதாவிட்டால் அவரே பொய். அறிவியலா, தானா என்று வந்தபோது அவருக்கு முடிவெடுக்க ரொம்ப நேரம் பிடிக்கவில்லை.

"அறிவியல்னா திருத்திக்கினே இருக்கணும்மா" என்றார். "சவுரியம்மா, அந்த அஞ்சு நாலு எழுத்துப் பிழை. நாலு நாப்பதுன்னு திருத்தி இனிஷியல் போடுங்க. மனுவ வாங்கிக்கோங்க. நடுவர் சீட்டையும் வெச்சுடுங்க."

சவுரியம்மாள் சிவப்பு மையில் திருத்தினார். மனுவில் முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்துக்காகத்தான் அருணா பன்னிரண்டரை கிலோமீட்டர் ஓடி வந்திருந்தாள். ஆனால் பேனாவைக் கையில் வாங்கியும் அவள் உடனே போடவில்லை. ஓடாதவர் ஓடி வந்தார் என்று இவள் கையெழுத்துப் போட்டால்தான், ஓடி வந்தவள் ஓடி வந்தாள் என்று அவர்கள் ஒத்துக்கொள்வார்கள். போடாமல் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். பட்டியல் ரத்தானால் சுஷ்மாவும் போக முடியாது. மில்லில் தோல் பறக்கிற தூசி மூக்கில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு, 'பார்த்தேன், அருணா' என்று போட்டாள்.

"சபாஷ்" என்றார் இயக்குநர். "மையத்துப் புள்ளன்னா இப்பிடித்தான் இருக்கணும்."

மாநிலப் போட்டியில் அருணா இரண்டாவதாக வந்தாள். சுஷ்மா ஒன்பதாவது. கோட்டைத் தாண்டி வந்ததும் அருணாவைக் கட்டிக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுதாள். வேலைக்கான உத்தரவு வீட்டுக்கு வந்தது. வீரம்மாள் அதைக் கையில் வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

அசல் சான்றிதழைத் திரும்ப வாங்க அருணா கடைசியாக ஒரு தரம் மையத்துக்குப் போக வேண்டியிருந்தது. இயக்குநர் அறைச் சுவரில் எழுபத்து நான்கு சட்டத்துக்குப் பக்கத்தில் புதுப் பலகை ஒன்று மின்னியது. 'கூட்டேரிப்பட்டு முதல் திண்டிவனம் வரை, அலுவலகப் பதிவேட்டின்படி. முதலிடம்: முனைவர் சின்னதுரை, 40 நிமிஷம். இரண்டாமிடம்: அருணா, 48 நிமிஷம், மையத்தின் செலவின உயர்வுப் பயிற்சி பெற்றவர்.' கீழே சாட்சி என்று அவள் கையெழுத்தையே நகலெடுத்துப் போட்டிருந்தார்கள்.

அதைப் படித்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"சார், ஒரு நாள் காலைல நம்ம ரெண்டு பேரும் சேந்து ஓடிப் பாக்கலாமா? ஒரு கிலோமீட்டர் போதும்."

சின்னதுரை சிரித்தார். கோபமே இல்லை அவருக்கு. சின்னப் பிள்ளைக்குப் புத்தி சொல்வதுபோல் சொன்னார்.

"எனக்கு எதுக்கும்மா ஓட்டம்? கெபாசிட்டி இல்லாதவங்கதான் ஓடிக் காட்டணும்."